தோனியின் நிழல் என்னும் கற்பிதம்

தினேஷ் கார்த்திக்கின் பெயரை எடுத்த மாத்திரத்தில் தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் ஒரு பெருமூச்சு எழுகிறது, செஞ்சியிலும் அப்படியே. கோட்டையைச் சுற்றியுள்ள ஊர்களின் வெட்டவெளிகளில் ஞாயிறுதோறும் டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடும் இளைஞர்களாயினும் சரி, தேநீர்க் கடையில் உட்கார்ந்து பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தை முதலில் பிரிக்கும் பெரியவர்களாயினும் சரி, “தோனி மட்டும் வராம இருந்திருந்தா நம்ம கார்த்திக் எங்கேயோ போயிருப்பாருங்க” என்று ஒரே வாக்கியத்தில் தீர்ப்பை எழுதி முடித்துவிடுகிறார்கள். கேட்பவரும் தலையசைக்கிறார். 18 ஆண்டுக் காலம் ஏறியும் இறங்கியும், விழுந்தும் எழுந்தும் நடந்த ஓர் ஆட்டக்காரரின் சரித்திரம் முழுவதும் வேறொருவருடைய ஜாதகத்துக்கு அடிக்குறிப்பாகிவிடுகிறது. இந்த அபிப்பிராயம் அன்பில் பிறந்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் உண்மைக்கு மாறானது. யாருக்காக இவ்வளவு பரிதவிக்கிறோமோ, அந்த மனிதருக்கே அது அநியாயம் இழைக்கிறது என்பதுதான் என் வழக்கு.

முதலில் யார் வந்தார் என்பதைப் பார்ப்போம். கார்த்திக் இந்தியாவுக்காக முதல் ஒருநாள் ஆட்டம் ஆடியது 2004 செப்டம்பரில், லார்ட்ஸ் மைதானத்தில். இங்கிலாந்துத் தலைவர் மைக்கேல் வானை ஹர்பஜன் சிங்கின் பந்தில், காலடிப் பக்கமாக வந்ததைப் பிடித்து, கண்மூடித் திறப்பதற்குள் ஸ்டம்பிங் செய்த காட்சியை அன்று கண்டவர்கள் மறக்கமாட்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் மும்பை வாங்கடே மைதானத்தில் ஆஸ்திரேலியாவுக்கெதிராக அவருடைய டெஸ்ட் பிரவேசம் நிகழ்ந்தது. மகேந்திர சிங் தோனி முதல் ஒருநாள் ஆட்டம் ஆடியது அவ்வாண்டு டிசம்பரில். முதல் டெஸ்ட் ஆடியதோ 2005 டிசம்பரில், நம் சேப்பாக்கத்தில். அதாவது, டெஸ்ட் அணியின் விக்கெட் கீப்பர் என்னும் ஸ்தானம் கார்த்திக்கின் கையில் ஓராண்டுக்கு மேல் இருந்தது. அந்த ஓராண்டில் அவர் ஆடிய பத்து டெஸ்டுகளில் 2005 மார்ச்சில் கல்கத்தாவில் பாகிஸ்தானுக்கெதிராக ராகுல் திராவிடுடன் நின்று எடுத்த 93 ரன்கள் ஒன்றே ஐம்பதைத் தாண்டிய ஸ்கோர். அது அருமையான ஆட்டம். அந்த டெஸ்டை இந்தியா வென்றதில் அதற்குப் பெரும் பங்குண்டு. ஆனால் மற்ற இன்னிங்ஸ்களில் ரன் வரவில்லை. அந்த நாட்களில் தோனி டெஸ்ட் அணியில் இல்லை. எவருடைய நிழலும் விழாத வெட்டவெளியில்தான் கார்த்திக்கின் முதல் சரிவு நேர்ந்தது.

இதற்கு மறுமொழியாக, இளம் வயது, பத்தொன்பது இருபதில் ஒருவனை எடைபோடுவது தர்மமா என்று கேட்பார்கள். கேட்கத் தகுந்த கேள்வியே. தோனியின் முதல் நான்கு ஒருநாள் ஆட்டங்களிலும் சேர்த்து வந்தவை 22 ரன்கள். முதல் ஆட்டத்தில் ரன் அவுட், பூஜ்யம். ஐந்தாவது ஆட்டத்தில், 2005 ஏப்ரலில் விசாகப்பட்டினத்தில், மூன்றாம் எண்ணில் அனுப்பப்பட்டபோது 148 அடித்தார். ஒருவருக்குக் கதவு திறந்தது, மற்றவருக்கு மூடிற்று என்று சொல்வதைக் காட்டிலும், இருவருக்கும் கதவு திறந்தபோது ஒருவர் உடனே உள்ளே நுழைந்தார், மற்றவருக்கு மேலும் காலம் தேவைப்பட்டது என்பதே பொருந்தும். காலம் தேவைப்பட்டது குற்றமன்று. ஆனால் அதற்குத் தோனி காரணமும் அல்லர்.

நம் பிரலாபத்தை முற்றிலும் உடைக்கும் சாட்சியம் 2007-ஆம் ஆண்டில் இருக்கிறது. அந்த ஆண்டைத் தமிழ் ரசிகர்கள் ஏன் இவ்வளவு எளிதாக மறந்தார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. ஜனவரியில் கேப் டவுனில், தோனி காயத்தால் ஆடமுடியாத டெஸ்டில், கார்த்திக் கையுறை அணிந்ததோடல்லாமல் வாசிம் ஜாஃபருடன் ஆட்டத்தையும் தொடங்கினார். முதல் இன்னிங்ஸில் 63, இரண்டாவதில் ஆட்டமிழக்காமல் 38. தென்னாப்பிரிக்க வேகத்தை அதன் சொந்த மண்ணில் புதுப்பந்தோடு எதிர்கொண்டு அவர் காட்டிய நிதானத்தைக் கண்ட தேர்வாளர்கள், அதுவரை எவரும் எண்ணியிராத ஒரு காரியத்தைச் செய்தார்கள்: தோனி திரும்பி வந்த பிறகும் கார்த்திக்கை வெளியேற்றாமல், தொடக்க ஆட்டக்காரராகவே அணியில் வைத்துக்கொண்டார்கள். மே மாதத்தில் மிர்ப்பூரில் வங்கதேசத்துக்கெதிராக அவர் 129 எடுத்தார்; ஜாஃபர், கார்த்திக், திராவிட், டெண்டுல்கர் என்று வரிசையின் முதல் நால்வரும் சதம் அடித்தது டெஸ்ட் சரித்திரத்தில் அதுவே முதல் தடவை.

பின்பு இங்கிலாந்து. மூன்று டெஸ்டுகள். ஆண்டர்சனும் டிரெம்லெட்டும் சைட்பாட்டமும் மேகமூட்டத்தில் பந்தை வளைத்துக்கொண்டிருந்த அந்தக் கோடையில், திராவிட், டெண்டுல்கர், கங்குலி, லட்சுமண் என்னும் பெருந்தலைகள் அணிவகுத்த ஒரு வரிசையில், இந்தியாவுக்கு அதிக ரன் எடுத்தவர் யார் என்று கேட்டால் இன்று எத்தனை பேர் சரியாகச் சொல்லுவார்கள்? தினேஷ் கார்த்திக்: 263 ரன்கள். லார்ட்ஸில் 60, டிரெண்ட் பிரிட்ஜில் 77, ஓவலில் 91. டிரெண்ட் பிரிட்ஜில் ஜாஃபருடன் அவர் சேர்த்த 147 ரன் தொடக்கமே அந்த டெஸ்டின் வெற்றிக்கு அடிப்படை. அந்த ஒரு வெற்றியால் 1986-க்குப் பிறகு, 21 ஆண்டுகள் கழித்து, இங்கிலாந்து மண்ணில் இந்தியா ஒரு தொடரைக் கைப்பற்றியது. அந்த மூன்று டெஸ்டுகளிலும் விக்கெட்டுக்குப் பின்னால் நின்றவர் தோனி. இருவரும் ஒரே பதினொருவரில், ஒரே வேளையில், ஒருவர் இடத்தை மற்றவர் பறிக்காமல் ஆடினார்கள். ஆடியதோடன்றி, அந்தத் தொடரில் ரன்கணக்கில் தோனியைக் காட்டிலும் மேலே நின்றவர் கார்த்திக்கே.

அப்படியிருக்க, அந்த இடம் எங்கே போயிற்று? அவ்வாண்டின் இறுதியில் பாகிஸ்தான் அணி இங்கே வந்தபோது, தொடக்க ஆட்டக்காரராக அவருக்கு ரன் வறண்டது. அடுத்த ஜனவரியில் பெர்த்தில் வீரேந்திர சேவாக் மீண்டும் அணிக்குள் வந்தார். அடிலெய்டில் சதம், மார்ச்சில் சேப்பாக்கத்தில் 319. அவருக்குப் பக்கத்தில் கௌதம் கம்பீர் வேர்பிடித்து நின்றார். தொடக்க ஆட்டக்காரர் என்னும் வாசலை அடைத்தவர்கள் இவர்கள் இருவரே. அது போதாதென்று, 2008-இல் இலங்கைச் சுற்றுப்பயணத்தின் டெஸ்டுகளில் ஓய்வு வேண்டுமென்று தோனி தாமாகவே விலகிக்கொண்டபோது, கீப்பர் ஸ்தானம் கேட்பாரற்றுக் கார்த்திக்கின் கைக்கு வந்தது. முதல் இரண்டு டெஸ்டுகளில் அவர் தடுமாறினார். மூன்றாவதற்குப் பார்த்திவ் பட்டேலை அழைத்தார்கள். தோனி இல்லாத வேளையிலும் இன்னொரு கீப்பரிடம் இடத்தை இழந்தவரைப் பற்றி, தோனி இருந்ததால் இழந்தார் என்று எந்த நியாயத்தால் சொல்வது?

2010 ஜனவரிக்குப் பிறகு எட்டாண்டு வனவாசம். அதற்குள் இந்தியா 87 டெஸ்டுகளை அவரில்லாமல் ஆடி முடித்தது. இந்த எண்ணை எடுத்துக்காட்டித்தான் அநேகர் கண்கலங்குகிறார்கள். ஆனால் தோனி 2014 டிசம்பரில் மெல்போர்னில் டெஸ்ட் ஆட்டத்தை விட்டு விலகிவிட்டார் என்பதை அந்த எண் மறைத்துவிடுகிறது. அதற்குப் பின் தேர்வாளர்கள் நம்பியது விருத்திமான் சாஹாவை. சாஹா காயமுற்றபோது 2016-இல் மொகாலிக்கு அழைத்தது, தாமும் எட்டாண்டு காத்திருந்த பார்த்திவை. அவர் வந்த உடனே 42-உம், ஆட்டமிழக்காமல் 67-உம் எடுத்தார். கார்த்திக்கின் முறை 2018-இல் வந்தது. ஆப்கானிஸ்தானுக்கெதிராகப் பெங்களூரில் ஒரு டெஸ்ட். பிறகு இங்கிலாந்தில், பதினோராண்டுகளுக்கு முன் அவர் தலைநிமிர்ந்து நின்ற அதே நாட்டில், இரண்டு டெஸ்டுகள். பர்மிங்ஹாமில் 0, 20. லார்ட்ஸில் 1, 0. மூன்றாவது டெஸ்டில் ரிஷப் பந்த் வந்தார். தொடரின் கடைசி டெஸ்டில், ஓவலில், சதமும் அடித்தார். இந்த நான்கு இன்னிங்ஸ்களை எழுதும்போது எனக்கும் மனம் கனக்கிறது. ஆயினும், தோனி டெஸ்டை விட்டு மூன்றரை ஆண்டு கழிந்த பின் விழுந்த இந்த அடியை அவருடைய கணக்கில் எழுத இயலாது.

ஒருநாள் ஆட்டத்தில் நிலைமை வேறு என்று ஒப்புக்கொள்கிறேன். அங்கே 2005 முதல் 2019 வரை கையுறைகள் தோனியுடையவை. கார்த்திக் ஆட வேண்டுமானால் தனி பேட்ஸ்மனாக ஆட வேண்டும், அல்லது தோனி ஓய்வெடுக்கும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டும். 2007 உலகக் கோப்பை அணியில் பெயர் இருந்தும் ஓர் ஆட்டம் கிடைக்கவில்லை. உலகக் கோப்பையில் அவர் முதல் முறை களமிறங்கியது பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2019-இல். இவ்வளவு நீண்ட காத்திருப்பு எந்த மனிதனையும் தளர்த்தும். ஆயினும் அந்தக் காத்திருப்பின் முடிவில் வந்த மிகப்பெரிய சந்தர்ப்பத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2019 ஜூலை 10, மான்செஸ்டர், நியூசிலாந்துக்கெதிரான அரையிறுதி. ரோகித், கோலி, ராகுல் மூவரும் ஆளுக்கொரு ரன்னில் வீழ்ந்து, 5 ரன்னுக்கு 3 விக்கெட் என்ற நிலையில், ஐந்தாம் எண்ணில் இறங்கியவர் கார்த்திக். தோனியை ஏழாம் எண் வரை பின்னே நிறுத்திவைத்ததற்காக நாடே அணி நிர்வாகத்தைக் கண்டித்தது. அதாவது, அவர் ஆயுளின் மிக முக்கியமான இன்னிங்ஸில் அவருக்குத் தோனிக்கு முன்னாலேயே இடம் கிடைத்தது. பந்து வெகுவாக வளைந்துகொண்டிருந்தது; 25 பந்துகளில் 6 ரன் எடுத்து, ஹென்றியின் பந்தில், பாயின்டில் நீஷம் பாய்ந்து பிடித்த அபாரமான கேட்ச்சுக்கு ஆட்டமிழந்தார். அந்தக் கேட்ச்சைத் துரதிர்ஷ்டம் என்று வேண்டுமானால் சொல்லுங்கள்; தோனி என்று சொல்லாதீர்கள்.

சாட்சியங்கள் இவ்வளவு வெளிப்படையாக இருந்தும் இந்தக் கற்பிதம் ஏன் நிலைத்தது? செஞ்சிக்காரர்களுக்கு இது விளங்கவேண்டும். நம் ஊர்க் கோட்டையில் ஓராண்டுகூட முழுமையாக ஆளாத ஒரு வாலிபர், ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கானுடைய படையை எதிர்த்து 1714 அக்டோபரில் போர்க்களத்தில் மாண்டார். அந்தச் சண்டையின் மூலம் கப்பப் பாக்கி; நவாபின் கணக்குப்படி செஞ்சியிலிருந்து வரவேண்டிய தொகை வரவில்லை. அந்த வாலிபரின் படை சிறியது. தந்தையிடமிருந்து வந்த உரிமை ஆர்க்காட்டாரால் அங்கீகரிக்கப்படாதது. ஆனால் தேசிங்கு ராஜன் கதையைத் தெருக்கூத்திலும் கதைப்பாடலிலும் கேட்டு வளர்ந்தவர்களுக்குக் கப்பமும் பாக்கியும் நினைவில் நிற்பதில்லை. குதிரையும் நண்பனும் விதியும் கண்ணீரும் மட்டுமே நிற்கின்றன. கதைக்கு அதுவே அழகு. நானும் அந்தக் கதையில் உருகுகிறவன்தான். ஆனால் உயிரோடு நம் நடுவில் இருக்கும் ஓர் ஆட்டக்காரரை அதே அச்சில் வார்த்து, விதியால் வஞ்சிக்கப்பட்ட ராஜகுமாரனாக்கி, அவர் கணக்கை நாம் பாராமல் விட்டுவிட்டோம். அவருடைய தவறுகளை விதியின் பெயரில் எழுதினோம். அதன் விளைவாக அவருடைய சாதனைகளும் அவருடையவை அல்லாமல் போயின.

உண்மையிலேயே சந்தர்ப்பம் மறுக்கப்பட்ட தமிழ்நாட்டு பேட்ஸ்மன் வேண்டுமென்றால், சுப்பிரமணியம் பத்ரிநாத்தை நினையுங்கள். முதல்தர ஆட்டங்களில் பத்தாயிரத்துக்கு மேல் ரன், ஐம்பதைத் தாண்டிய சராசரி. டெஸ்டுகளோ இரண்டே இரண்டு. 2010 பிப்ரவரியில் நாக்பூரில் டேல் ஸ்டெயின் தீப்பொறி பறக்க வீசிய அந்த டெஸ்டில், பிரவேசத்திலேயே 56 எடுத்தார். கல்கத்தா டெஸ்டோடு முடிந்தது. 2011-இல் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் அவர் ஆடிய ஒரே சர்வதேச டி20 ஆட்டத்தில் 43 எடுத்து ஆட்ட நாயகன் விருதையும் வாங்கினார். சர்வதேச டி20-இல் மறுபடி ஆடும் வாய்ப்பே வரவில்லை. இருபத்தாறு டெஸ்டுகளும் 94 ஒருநாள் ஆட்டங்களும் 60 டி20 ஆட்டங்களும் ஆடியவருக்காக ஊரே அழும்போது, பத்ரிநாத்துக்காகச் செஞ்சித் தேநீர்க் கடையில் ஒருவரும் வாய் திறந்து நான் கேட்டதில்லை.

இனி, நம் பெருமூச்சு மறைத்துவிட்ட மற்றொரு பக்கத்தைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் விட்டால் என் வழக்கு வெறும் குற்றப்பத்திரிகையாகிவிடும். டெஸ்ட் ஆட்டத்தில் தாம் விரும்பிய உயரம் கைகூடாது என்று தெரிந்த பின்னும் கார்த்திக் ஓய்ந்துவிடவில்லை. மும்பையில் அபிஷேக் நாயரிடம் போய், பள்ளிக்கூடத்துப் பையனைப் போல் தம் ஆட்டத்தை அடியிலிருந்து கட்டினார். அவர் தேர்ந்தெடுத்தது கிரிக்கெட்டிலேயே நன்றியற்ற ஒரு வேலை: கடைசி மூன்று நான்கு ஓவர்களில் இறங்கி, நின்று பழக நேரமில்லாமல், முதல் பந்திலேயே அடித்தாக வேண்டிய வேலை. வென்றால் மேலே ஆடியவர்களுக்குப் பெயர். தோற்றால் இவருக்குப் பழி. சராசரிக் கணக்கு இந்த வேலைக்காரனை ஒருபோதும் கௌரவிக்காது. அதைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டு, எந்தப் பந்துவீச்சாளர் எந்த ஓவரில் எந்த நீளத்தில் வீசுவார், எந்தப் பக்கத்து எல்லைக்கோடு குறுகியது என்று முன்கூட்டியே கணக்கிட்டு வைத்துக்கொண்டு இறங்கினார்.

2018 மார்ச் 18 அன்று கொழும்பில் அதன் பலன் தெரிந்தது. வங்கதேசத்துக்கெதிரான இறுதியாட்டம், 12 பந்துகளில் 34 தேவை என்றபோது உள்ளே வந்தார். ரூபல் ஹுசைன் வீசிய 19-ஆவது ஓவரில் 22 ரன். கடைசிப் பந்தில் ஐந்து தேவைப்பட, சௌம்ய சர்க்கார் வீசியதை எக்ஸ்ட்ரா கவர் திசையில் தாழப் பறந்த சிக்ஸராக்கினார். 8 பந்தில் 29. அதை அதிர்ஷ்டம் என்றும் சிலர் சொன்னார்கள். தோல்விக்கு விதி, வெற்றிக்கு அதிர்ஷ்டம் என்றால், இந்த மனிதருக்குச் சொந்தமாக ஏதாவது உண்டா?

அதன் பின் 2019-இன் வீழ்ச்சி வந்தது. 2020-இல் கொல்கத்தா அணியின் தலைமையைப் பருவத்தின் நடுவிலேயே விட்டுக்கொடுத்தார். 2021 ஜனவரியில் தமிழ்நாட்டுக்குத் தலைமை தாங்கி சையது முஷ்டாக் அலி கோப்பையை வென்று கொடுத்தார். அவ்வாண்டு கோடையில் இங்கிலாந்தில் வர்ணனையாளராகவும் அமர்ந்தார். ஓய்வுபெற்றவர்கள் அமரும் நாற்காலி அது. எல்லோரும் முடிந்தது என்றே எண்ணினோம். மறு ஆண்டில் பெங்களூர் அணிக்காக 330 ரன்கள், நூறு பந்துக்கு 183 என்ற வேகத்தில். இந்திய அணிக்குள் மீண்டும் பிரவேசம். 2022 ஜூன் 17, ராஜ்கோட், தென்னாப்பிரிக்கா. 81 ரன்னுக்கு நான்கு விக்கெட் போயிருந்த நிலையில் இறங்கி 27 பந்துகளில் 55. சர்வதேச டி20-இல் அவருடைய முதல் அரைச் சதம் அதுதான். இந்தியாவின் முதலாவது டி20 ஆட்டத்தில், 2006 டிசம்பரில் ஜோகன்னஸ்பர்க்கில், ஆட்ட நாயகன் விருது பெற்றவர், பதினைந்தரை ஆண்டுகள் கழித்து, 37-ஆம் வயதில், அந்த முதல் அரைச் சதத்தை அடைந்தார். அவ்வாண்டு ஆஸ்திரேலியாவில் நடந்த உலகக் கோப்பையில் அது தொடரவில்லை. நவம்பரில் அடிலெய்டோடு சர்வதேச ஆட்டம் முடிந்தது. ஆனாலும் 2024-இல், 39 வயதை நெருங்கிய பின், ஹைதராபாத்துக்கெதிராக 35 பந்துகளில் 83 அடித்த அந்த இரவில், தோனியின் நிழல் என்ற பேச்சை எங்கே வைப்பது?

இந்தப் பேச்சால் கெடுவது கார்த்திக்கின் பெயர் மட்டுமன்று. விழுப்புரம் மாவட்டத்தின் ஒரு மூலையிலிருந்து சென்னை லீக் ஆட்டத்துக்குப் போக வேண்டுமென்று ஆசைப்படும் பையன், வருஷந்தோறும் மாவட்டத் தேர்வுக்குப் போய்த் திரும்பிவருகிறான். அவன் இடத்தில் வேறொருவன் இருக்கிறான் என்பது பலமுறை மெய்யாகவும் இருக்கலாம். சிபாரிசும் பட்டணத்துச் சலுகையும் இல்லாத உலகம் அல்ல இது. ஆனால் அவனுக்கு நாம் காட்டும் உதாரணம் தினேஷ் கார்த்திக் என்றால், எந்தக் கார்த்திக்கைக் காட்டுகிறோம்? மற்றொருவன் வந்ததால் கெட்டவரையா, தொடக்க ஆட்டக்காரர் வேலை கிடைத்தபோது கையுறையைக் கழற்றிவைத்து அதைச் செய்தவரையா, அது போனபின் கடைசி ஓவர் வேலையைத் தாமே படைத்துக்கொண்டவரையா? முதலாவது மனிதர் இருந்ததே இல்லை; பின்னவர் இருவரும் ஸ்கோர் புத்தகத்தில் இருக்கிறார்கள்.

ஆகவே வாசகர்களை நான் வேண்டிக்கொள்வது ஒன்றே. அடுத்த முறை யாரேனும் அந்தப் பழைய வாக்கியத்தைச் சொல்லிப் பெருமூச்செறியும்போது தலையசைக்காதீர்கள். 2007-இல் இங்கிலாந்தில் இந்தியாவுக்கு அதிக ரன் எடுத்தவர் யார், அன்று விக்கெட்டுக்குப் பின்னால் நின்றவர் யார் என்று அவரிடம் கேளுங்கள்.